எஃப்ஏகே தடுப்பான் போட்டதும் செல்கள் மிதக்கின்றன: காரணம் எஃப்ஏகேதானா?

கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். எஃப்ஏகே என்பது செல் தரையில் ஒட்டும் இடங்களில் வேலை செய்யும் ஒரு நொதி. கீறல் சோதனை என்றால், டிஷ்ஷில் பரவியிருக்கும் செல்களின் நடுவே ஒரு கோடு கீறி, செல்கள் நகர்ந்து வந்து அதை மூடுகின்றனவா என்று பார்ப்பது. பினாங்கில் முதுகலை ஆய்வு செய்யும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்றுச் செல்களில் கீறல் சோதனை செய்கிறேன், அக்கா. பிஎஃப்-573228 என்ற எஃப்ஏகே தடுப்பானை 10 மைக்ரோமோலார் அளவில் போட்டேன். கீறல் மூடவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் பாதிச் செல்கள் உருண்டு மிதக்கின்றன. 'எஃப்ஏகே வேலை செய்யாவிட்டால் செல் ஒட்டாது' என்று எழுதிவைத்தேன். முன்மொழிவுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர், 'அது எஃப்ஏகேதான் என்று எப்படித் தெரியும்?' என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வேறு எந்தத் தடுப்பான் வாங்கினால் நிரூபிக்கலாம்?"

தங்கை, அவர் கேட்டது நல்ல கேள்வி. மனம் சோர வேண்டாம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் செல் வளர்ப்பு ஆய்வகங்களில் நான் இருந்த ஆண்டுகளில், இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் பாதியில் நின்ற ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். கையில் இருக்கும் அதே குப்பியை நூறில் ஒரு பங்கு அளவில் போட்டுப் பாருங்கள். உங்கள் செல்கள் மிதந்ததற்கு எஃப்ஏகேயைவிட அளவுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்றால், எஃப்ஏகே செய்யும் வேலைக்கும் நீங்கள் பார்த்த காட்சிக்கும் பொருந்தவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஃபெர்ரி படகுத்துறையில் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைத் தூணில் கட்டி வைத்திருப்பது ஒரு வேலை. கிளம்பும் நேரத்தில் அதை அவிழ்த்து விடுவது இன்னொரு வேலை. செல்லைத் தரையோடு கட்டிவைக்கும் கயிறு இன்டெக்ரின். செல்லின் சவ்வை ஊடுருவி நிற்கும் இந்தப் புரதம் வெளியே ஃபைப்ரோனெக்டின், கொலாஜன் போன்றவற்றைப் பிடித்துக்கொள்கிறது, உள்ளே டாலின் என்ற புரதம் வழியாக, செல்லுக்கு எலும்புக்கூடு போன்ற ஆக்டின் இழைகளோடு இணைகிறது. எஃப்ஏகே அந்தக் கட்டு விழுந்த இடத்துக்கு வந்து உட்காருகிற கைனேஸ், அதாவது புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி. அதன் வேலையில் பெரும்பங்கு, கட்டுகளை உரிய நேரத்தில் அவிழ்த்து, செல் முன்னே நகர வழிசெய்வது. அவிழ்க்கிற ஆள் வேலைக்கு வராவிட்டால் படகு கடலில் அடித்துக்கொண்டு போகாது, துறையிலேயே கட்டிக் கிடக்கும்.

இது என் கற்பனை இல்லை. 1995-இல் எஃப்ஏகே மரபணுவே இல்லாத எலிக் கருக்களை உருவாக்கிப் பார்த்தார்கள். கருக்கள் வளர்ச்சியின் தொடக்கத்திலேயே இறந்துபோயின. ஆனால் அவற்றிலிருந்து எடுத்த செல்கள் டிஷ்ஷில் ஒட்டின. ஒட்டியது மட்டுமில்லை, அவற்றில் ஒட்டுப்புள்ளிகள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. நகர்வதுதான் மந்தமாகிவிட்டது. ஆகவே எஃப்ஏகேயை மட்டும் ஒழுங்காகத் தடுத்தால் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது, தட்டையாக, நன்றாக ஒட்டிக்கொண்டு, மெதுவாக நகரும் செல்கள். உருண்டு மிதக்கும் செல்களைப் பார்த்தால் வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். சில செல் வகைகள் எஃப்ஏகே சமிக்ஞை நின்றதும் உயிரையே விட்டுவிடும் என்பதும் உண்மை. அதனால்தான் "வாய்ப்பு அதிகம்" என்கிறேன். உறுதி செய்வது சோதனையின் வேலை.

இனி அளவுக்கு வருவோம். பிஎஃப்-573228, சோதனைக் குழாயில் தூய எஃப்ஏகேயைப் பாதியாக அடக்கத் தேவைப்படும் செறிவு சுமார் 4 நானோமோலார். எஃப்ஏகே வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், அதன் 397-ஆம் இடத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தின்மேல் பாஸ்பேட் ஏறுவது. செல்லுக்குள் அதைப் பாதியாக்க 30 முதல் 100 நானோமோலார் வரை போதும் என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த ஆய்விலும் செல்களின் நகர்வு குறைந்தது, ஒட்டுப்புள்ளிகள் கலைவது தாமதமானது, ஆனால் செல்கள் இறக்கவில்லை. நீங்கள் போட்டது 10,000 நானோமோலார்.

குழாயில் 4, செல்லில் 100 என்று ஏன் இவ்வளவு இடைவெளி? இது புரியாமல்தான் பலர் அளவில் தவறுகிறார்கள். இந்த மருந்து எஃப்ஏகேயில், பாஸ்பேட்டைத் தரும் மூலக்கூறான ஏடிபி வந்து அமரும் குழிக்குள் போய் உட்காருகிறது. குழாய்ச் சோதனையில் ஏடிபியைப் பெரும்பாலும் மைக்ரோமோலார் கணக்கில்தான் போடுவார்கள். உயிருள்ள செல்லுக்குள் அது 1 முதல் 5 மில்லிமோலார் வரை இருக்கிறது. இருக்கைக்குப் போட்டி கூடினால் மருந்தும் கூட வேண்டும். இதோடு மீடியாவில், அதாவது செல்கள் வளரும் திரவத்தில், இருக்கும் சீரத்தின் ஆல்புமின் புரதம் மருந்தில் ஒரு பகுதியைத் தன்னோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். அதனால் குப்பியோடு வரும் தாளில் உள்ள ஐசி50-ஐ (பாதியாக அடக்கும் செறிவை) அப்படியே எடுத்துச் செல்லில் போடக்கூடாது. அதற்காக, "எதற்கும் இருக்கட்டும்" என்று 10 மைக்ரோமோலார் போடுவதும் கூடாது. மனித உடலில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த ஏடிபி குழி இருக்கிறது, ஒன்றுக்கொன்று சாயலில் ஒத்துப்போகிறது. நானோமோலார் அளவில் எஃப்ஏகேயைத் தேடிப் போகிற மூலக்கூறு, அதைப்போல நூறு மடங்கு ஊற்றினால் அக்கம்பக்கத்துக் கதவுகளையும் தட்டத் தொடங்கும். குப்பியில் ஒட்டிய பெயர் தயாரித்தவரின் நோக்கத்தைச் சொல்கிறது. அது உள்ளே போய் என்ன செய்யும் என்பதைச் செறிவு தீர்மானிக்கிறது.

வேதித் தடுப்பான்களைச் சோதித்துத் தரம் பிரிக்கும் விஞ்ஞானிகள் பொதுவாக மூன்று அளவுகோல்களை வைக்கிறார்கள். குழாயில் 100 நானோமோலாருக்குள் வேலை செய்ய வேண்டும். அதே குடும்பத்தின் மற்ற புரதங்களைவிடக் குறைந்தது 30 மடங்கு அதிகமாக இலக்கைப் பிடிக்க வேண்டும். செல்லுக்குள் 1 மைக்ரோமோலாருக்குள் பலன் காட்ட வேண்டும். உங்கள் கையில் இருப்பது இந்தக் கணக்குக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. குறை மருந்தில் இல்லை.

சரி, அந்தப் பேராசிரியருக்கு என்ன காட்டுவது? முதலில் இலக்கு அடிபட்டதா என்று காட்டுங்கள். 10, 30, 100, 300 நானோமோலார், 1 மைக்ரோமோலார், உங்கள் பழைய 10 மைக்ரோமோலார் என்று ஆறு அளவுகள், கூடவே மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட ஒரு கிணறு (வளர்ப்புத் தட்டின் குழி). ஒரு மணி நேரம் கழித்துச் செல்களை உடைத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் பட்டைகளாகக் காட்டும் சோதனை) போடுங்கள். பாஸ்பேட் ஏறிய 397-ஐக் காட்டும் ஆன்டிபாடியும், மொத்த எஃப்ஏகேயைக் காட்டும் ஆன்டிபாடியும் இரண்டும் வேண்டும். முதல் பட்டை எந்த அளவில் மங்கத் தொடங்குகிறது, எந்த அளவில் மறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவுகளில் கீறல் சோதனையையும் செய்யுங்கள். பட்டை மங்கும் அளவும் நகர்வு குறையும் அளவும் ஒன்றோடொன்று சேர்ந்து போனால் உங்கள் வாதம் நிற்கும். பட்டை 300-இலேயே முழுதாக மறைந்துவிட்டது, செல்கள் மிதப்பது 10 மைக்ரோமோலாரில்தான் என்றால், மிதப்பதற்கும் எஃப்ஏகேக்கும் தொடர்பில்லை என்று நீங்களே சொல்லிவிடலாம். அதுவும் ஒரு முடிவுதான். ஆய்வேட்டில் தயங்காமல் எழுதலாம்.

மிதக்கும் செல்களைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். மீடியாவையும் சேர்த்துச் சுழற்றி அடியில் படிவதை எடுத்து மற்றதோடு சேர்த்து உடையுங்கள். இல்லாவிட்டால் தப்பிப் பிழைத்த செல்களின் கதை மட்டும்தான் பிளாட்டில் தெரியும்.

காசு செலவில்லாத ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது, ஏனோ பலர் அதைச் செய்வதில்லை. செல்களை டிஷ்ஷிலிருந்து எடுத்து, சீரம் இல்லாத மீடியாவில் அரை மணி நேரம் மிதக்க விடுங்கள். பிடிமானம் இல்லாததால் 397-இன் பாஸ்பேட் இறங்கிவிடும். அப்புறம் பாதியை ஃபைப்ரோனெக்டின் பூசிய கிணற்றிலும், பாதியைப் பாலிலைசின் பூசிய கிணற்றிலும் போடுங்கள். பாலிலைசினில் செல்கள் மின்சுமையால் மட்டும் ஒட்டும், இன்டெக்ரினுக்கு அங்கே வேலை இல்லை. ஃபைப்ரோனெக்டினில் அரை மணி நேரத்துக்குள் பட்டை திரும்ப வர வேண்டும், பாலிலைசினில் மிகவும் மங்கலாக இருக்க வேண்டும். தடுப்பான் போட்ட செல்கள் ஃபைப்ரோனெக்டினிலும் மங்கலாக இருந்தால் உங்கள் முறை முழுவதும் சரியாக வேலை செய்கிறது என்று பொருள். இதில் இரண்டு எச்சரிக்கை. செல்களைக் கிளப்ப டிரிப்சினுக்குப் பதில் இடிடிஏ பயன்படுத்துங்கள், டிரிப்சின் செல்லின் மேற்பரப்புப் புரதங்களையே மேய்ந்துவிடும். சீரத்தைத் தவிருங்கள், அதில் ஃபைப்ரோனெக்டினும் விட்ரோனெக்டினும் இருப்பதால் நீங்கள் எதைப் பூசினாலும் அவை மேலே வந்து படிந்துவிடும்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி: வேறு எதை வாங்கலாம்? ஒரே இலக்கை வேறு உருவமுள்ள இரண்டாவது மூலக்கூறால் அடிப்பதுதான் நல்ல சாட்சி. இரண்டு மருந்துகளுக்கும் பொதுவாக இருப்பது எஃப்ஏகே மட்டும் என்றால், இரண்டிலும் ஒரே விளைவு வரும்போது சந்தேகம் குறையும். பிஎஃப்-562271 கிடைக்கும், ஆனால் உருவத்தில் அது முதலாவதன் உறவுக்காரர், எஃப்ஏகேயின் உடன்பிறப்பான பிக்-2-வையும் நன்றாகவே அடக்கும். அதனால் இரண்டாவது மருந்துக்குச் செலவழிப்பதைவிட எஸ்ஐஆர்என்ஏ (ஒரு புரதம் உருவாவதையே தடுக்கும் சிறு ஆர்என்ஏ) போட்டு எஃப்ஏகே புரதத்தையே குறைத்துப் பார்ப்பதற்கு நான் முதலிடம் தருவேன். அங்கேயும் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். மருந்து கைனேஸ் வேலையை மட்டும் நிறுத்துகிறது, புரதம் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும். எஸ்ஐஆர்என்ஏ புரதத்தையே அகற்றிவிடுகிறது. இரண்டு முடிவுகளும் அச்சு அசலாக ஒத்துப்போகாவிட்டால் பதறாதீர்கள். அந்த வித்தியாசம், தாங்கிப் பிடிக்கும் வேலைக்கும் கைனேஸ் வேலைக்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம்.

இந்தத் துறையில் மற்ற குப்பிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது உங்களுக்கு அவற்றைச் சிபாரிசு செய்வார்கள்.

எஃப்ஏகேயின் 397-இல் பாஸ்பேட் ஏறியதும் அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும் கூட்டாளி சார்க் கைனேஸ். அதைத் தடுக்க எல்லா ஆய்வகங்களிலும் பிபி2 என்று ஒரு பழைய குப்பி இருக்கும். 1996-இல் அறிமுகமானபோது அது பெரிய வரம். பிறகு பல கைனேஸ்களை வரிசையாக வைத்துச் சோதித்தபோது, சார்க்கோடு தொடர்பே இல்லாத ரிப்-2 போன்றவற்றையும் அது பலமாக அடிப்பது தெரிந்தது. பிபி2-வுக்கு "செயலற்ற ஜோடி" என்று பிபி3-ஐ விற்பார்கள். அது, செல்லை வளரத் தூண்டும் இஜிஎஃப் ஏற்பியைத் தடுக்கிறது. இஜிஎஃப் ஏற்பி அதிகம் இருக்கும் உங்கள் செல்லில் அதைக் கட்டுப்பாடாக வைத்தால் என்ன குழப்பம் வரும் என்று நினைத்துப் பாருங்கள். 2006-இல் இரத்தப் புற்றுக்கு ஒப்புதல் பெற்ற டாசாடினிப் மிகவும் வீரியமானது, ஆனால் ஏபிஎல், கிட், பிடிஜிஎஃப் ஏற்பி என்று பல கைனேஸ்களையும் சேர்த்து அடக்கும். அதில் ஒன்று டிடிஆர்-1. இது கொலாஜனை நேரடியாகப் பிடிக்கும் ஏற்பி. ஆகவே கொலாஜன் பூசிய டிஷ்ஷில் டாசாடினிப் போட்டுவிட்டு "சார்க் காரணம்" என்று எழுதினால், டிடிஆரை எப்படி விலக்கினீர்கள் என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான்.

ஆக்டின் பக்கம் போனால் ஒய்-27632. செல்லைச் சுருங்கவைக்கும் ராக் கைனேஸைத் தடுப்பது, 10 மைக்ரோமோலாரில் போடுவது வழக்கம், தண்ணீரிலேயே கரையும். மூலச் செல் வளர்ப்பவர்களுக்கு இது இல்லாமல் நாள் ஓடாது. தனித்தனியாகப் பிரித்த மனிதக் கருமூலச் செல்கள் இறந்துபோவதை இது தடுக்கும் என்று 2007-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். இதைப் போட்டால் செல்லின் பின்பக்கம் சுருங்கி வராமல் நீண்ட வால் தொங்கும், முதல் முறை பார்க்கும்போது பாசிக்கொடி போலத் தெரியும். கீறல் சோதனையில் சில செல்கள் இதனால் வேகமாகவே நகரும். ஆகவே, "தடுப்பான் போட்டால் நகர்வு குறையும்" என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுச் சோதனைக்குப் போகாதீர்கள்.

ஆக்டின் இழைகளை இழுக்கும் மயோசின் புரதத்தைத் தடுக்கும் பிளெபிஸ்டாடினில் நானே ஒருமுறை மூன்று வாரங்களை இழந்தேன். பச்சை ஒளிரும் புரதம் உள்ள செல்களில் அதைப் போட்டு, இரவு முழுவதும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க நுண்ணோக்கியை அமைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் எல்லாச் செல்களும் செத்துக் கிடந்தன. மருந்தின் நச்சு என்று நினைத்து அளவைக் குறைத்தேன், மறுபடியும் அதேதான். மூன்றாவது வாரம் தற்செயலாக டிஷ்ஷைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தேன். ஒளி விழுந்த வட்டத்துக்குள் இருந்த செல்கள்தான் செத்திருந்தன. வட்டத்துக்கு வெளியே, ஒரு கோடு போட்டதுபோல, செல்கள் நலமாக இருந்தன. நீல ஒளி பட்டால் பிளெபிஸ்டாடின் சிதைந்து நச்சாகிறது என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே வெளியான செய்தி. நான்தான் படிக்காமல் விட்டேன். நீல ஒளி தேவைப்படும் வேலைக்கு அதன் பாரா-அமினோ வடிவம் இருக்கிறது, அதை வாங்குங்கள்.

எல்ஒய்294002 பற்றி இரண்டு வரி. பிஐ3 கைனேஸைத் தடுக்க இன்னும் பலர் இதை 10 அல்லது 50 மைக்ரோமோலாரில் போடுகிறார்கள். இதை வடிவமைக்க முன்மாதிரியாக இருந்தது குவெர்செடின், வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும் அதே பொருள்தான். சிகே-2, எம்டார் என்ற வேறு கைனேஸ்கள், இன்னும் கைனேஸே இல்லாத புரோமோடொமைன் புரதங்கள் வரை இது தொடும். இதற்கு ஜோடியாக விற்கப்படும் எல்ஒய்303511-உம் எம்டாரைத் தடுக்கிறது. புதிய ஆய்வில் இதைத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து.

கயிற்றையே வெட்டும் மருந்துகள், அதாவது இன்டெக்ரினை வெளியிலிருந்து தடுப்பவை, தனி உலகம். இங்கே பினாங்குக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை இருக்கிறது. கெடா, பெர்லிஸ் பக்கம் ரப்பர் தோட்டங்களில் காய்ந்த இலைக்குள் அசையாமல் கிடக்கும் பாம்பு ஒன்று உண்டு, மலாயில் காப்பாக் போடோ என்பார்கள், மலாயாக் குழிவிரியன். பாம்புக் கோயிலில் மரக்கிளையில் சுருண்டிருப்பது வேறு வகை. இந்தக் குழிவிரியன் கடித்தவர்களின் இரத்தம் நாட்கணக்கில் உறையாமலே இருப்பதைப் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட் கவனித்து, சக மருத்துவர்களோடு சேர்ந்து 1963-இல் விவரமாக எழுதினார். உறையாததற்கு முக்கியக் காரணம் நஞ்சில் இருக்கும், ஃபைப்ரினோஜனைத் தின்றுவிடும் ஒரு நொதி. பின்னாளில் அது ஆன்க்ரோட் என்ற மருந்தாகவும் வந்தது. அதே நஞ்சில் இன்னொரு சிறிய புரதமும் இருப்பது பிறகு தெரிந்தது. கிஸ்ட்ரின் என்றும் ரோடோஸ்டோமின் என்றும் பெயர். 68 அமினோ அமிலங்கள் கொண்ட அது, இரத்தத் தட்டணுக்களின் இன்டெக்ரினைப் போய்ப் பிடித்துக்கொண்டு அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கிறது. பிடிப்பதற்கு அது நீட்டும் விரல் மூன்றே அமினோ அமிலங்கள்: ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம். சுருக்கமாக ஆர்ஜிடி. ஃபைப்ரோனெக்டினில் செல் பிடித்துக்கொள்ளும் இடமும் இதே மூன்று எழுத்துதான் என்று 1984-இல் பியர்ஸ்பாக்கரும் ரூஸ்லாட்டியும் கண்டுபிடித்திருந்தார்கள்.

நம் தமிழ்நாட்டு உறவுகளுக்கு நன்றாகத் தெரிந்த சுருட்டை விரியன் குடும்பத்தின் நஞ்சிலும் எக்கிஸ்டாட்டின் என்று ஒரு ஆர்ஜிடி புரதம் இருக்கிறது. அதைப் பார்த்து வடிவமைத்த சிறு மூலக்கூறுதான் டிரோஃபிபான். அமெரிக்கக் குட்டைச் சலங்கைப் பாம்பின் நஞ்சைப் பார்த்துச் செய்தது எப்டிஃபிபடைடு. இரண்டும் 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன, மாரடைப்பு நோயாளிகளுக்கு ஊசி வழியாகத் தரப்படுகின்றன. ஆனால் இதே வகை மருந்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது இறப்பு குறைவதற்குப் பதில் கூடிவிட்டது. பல ஆயிரம் நோயாளிகள் பங்கேற்ற சோதனைகளுக்குப் பிறகு கைவிட்டார்கள்.

அந்தத் தோல்விக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று உங்கள் டிஷ்ஷுக்கும் பொருந்தும். இன்டெக்ரின் மடங்கிய நிலையில் ஓய்வாக இருக்கும், நிமிர்ந்து விரிந்த நிலையில் இறுகப் பிடிக்கும். ஆர்ஜிடி வகை மருந்து பிடிக்கும் இடத்தை அடைத்துக்கொண்டே, இன்டெக்ரினை விரிந்த நிலைக்குத் தள்ளிவிடுகிறது. மருந்தின் அளவு குறைந்து அது விலகியதும், விரிந்து கிடக்கும் இன்டெக்ரின் முன்னைவிட ஆர்வமாகப் பிடிக்கும். மூளைப் புற்றுக்குக் கொடுத்துப் பார்த்த சிலெஞ்சிடைடு இதே குடும்பம். அது மூன்றாம் கட்டச் சோதனையில் நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை. அதற்கு முன்பே, 2009-இல், மிகக் குறைந்த அளவில் இவ்வகை மருந்து எலிகளில் கட்டியின் வளர்ச்சியையும் புது இரத்தக்குழாய்களையும் தூண்டுவதாக ஓர் ஆய்வு காட்டியிருந்தது. 2022-இல்தான் இன்டெக்ரினை மடங்கிய நிலையிலேயே பூட்டிவைக்கும் சிறு மூலக்கூறுகளுக்கான வேதி விதியை விளக்கி ஒரு கட்டுரை வந்தது. எனக்கு அந்தக் கட்டுரையைப் படித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. இருபது வருடத் தோல்விக்கு ஒரு தண்ணீர் மூலக்கூறின் இடம் காரணமாக இருந்திருக்கிறது என்று படித்தபோது மெய்சிலிர்த்தது.

நீங்கள் ஆர்ஜிடி பெப்டைடு வாங்குவதாக இருந்தால் ஆர்ஜிஇ பெப்டைடையும் சேர்த்து வாங்குங்கள். அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதில் குளுட்டாமிக் அமிலம். ஒரே ஒரு கார்பன் கண்ணிதான் அதிகம், அதற்கே இன்டெக்ரின் பிடியை விட்டுவிடும். இவ்வளவு நேர்மையான கட்டுப்பாடு மற்றத் தடுப்பான்களுக்கு அமைவது அரிது. கொலாஜனைப் பிடிக்கும் ஆல்ஃபா-2 பீட்டா-1 இன்டெக்ரினுக்கு ஆர்ஜிடி பொருட்டே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மஞ்சள் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். நம் பல்கலைக்கழகங்களில் குர்குமின், சோயாவின் ஜெனிஸ்டீன், ஏதாவது ஒரு மூலிகைச் சாறு என்று எஃப்ஏகேயைத் தடுப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் ஆண்டுதோறும் வருகின்றன. பாட்டி வைத்தியத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு, மஞ்சள் போடாமல் என் வீட்டில் குழம்பு கொதிக்காது. ஆனால் குர்குமினை இலக்குத் தடுப்பானாக ஆய்வேட்டில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். சீரம் இல்லாத நடுநிலைக் கரைசலில், 37 டிகிரியில், அரை மணி நேரத்துக்குள் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடுகிறது. தானே ஒளிர்வதால் ஒளிர்வை அளக்கும் சோதனைகளை ஏமாற்றும், புரதங்களோடு கண்டபடி வினைபுரியும், திரண்டு உருண்டையாகிப் புரதங்களை ஒட்டிவைத்துக்கொள்ளும். 2017-இல் வேதியியலாளர்கள் குர்குமின் ஆய்வுகளை அலசி, மருந்துக்கு ஆதாரப் பொருளாக அது ஏற்றதல்ல என்று நீண்ட கட்டுரை எழுதினார்கள். ஜெனிஸ்டீன் 1987-இல் டைரோசின் கைனேஸ் தடுப்பானாக அறிமுகமானது, ஆனால் ஈஸ்ட்ரஜன் ஏற்பியையும், டிஎன்ஏவின் முறுக்கைச் சரிசெய்யும் டோபோஐசோமரேஸையும் தொடும். மார்பகப் புற்று ஆய்வில் அது சின்ன விஷயமில்லை.

டிஎம்எஸ்ஓ விஷயத்தில் நம் ஊர்க் காற்று ஒரு எதிரி. அது 18.5 டிகிரியில் உறையும், அதனால் இங்கே ஏசி இல்லாத இடத்தில் எப்போதும் திரவம்தான். ஈரத்தைக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியைக் குளிர்ச்சி போகும் முன்பே திறந்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருப்பதைப் பார்க்கலாம். அந்த நீர் உள்ளே இறங்கினால் மருந்து மெல்ல வெளியேறிப் படியும், உங்கள் 10 மில்லிமோலார் இனி 10 மில்லிமோலார் இல்லை. வந்த அன்றே 10 மைக்ரோலிட்டர் வீதம் சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள். ஒரு குழாய், ஒரு முறை, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். எல்லாக் கிணற்றிலும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவில், 0.1 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மருந்தை நேராகக் கிணற்றில் சொட்டாமல், வெதுவெதுப்பான மீடியாவில் கலக்கிவிட்டு ஊற்றுங்கள். ஊற்றியபின் நுண்ணோக்கியில் ஒரு பார்வை பாருங்கள். ஊசி ஊசியாகப் படிகம் தெரிந்தால் அந்தத் தட்டை அன்றே விட்டுவிடலாம்.

கீறல் சோதனையில் 24 மணி நேரம் ஓட்டும்போது, இடைவெளி மூடுவது நகர்வாலா, செல்கள் பெருகியதாலா என்ற கேள்வியும் வரும். மைட்டோமைசின்-சி போட்டுப் பெருக்கத்தை நிறுத்தலாம், ஆனால் அதுவே இன்னொரு நச்சு. நான் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் அளந்துவிடுவதையே விரும்புவேன்.

"எஃப்ஏகே தடுப்பானால் என்ன பயன், எல்லாம் டிஷ் வரைக்கும்தானே" என்று கூட்டத்தில் யாராவது கேட்டால் சொல்லுங்கள்: 2025 மே மாதம் அமெரிக்காவில் டெஃபாக்டினிப் என்ற எஃப்ஏகே தடுப்பான், அவுடோமெடினிப் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து, கேராஸ் மரபணு மாற்றம் உள்ள, திரும்பிவந்த ஒருவகைச் சூலகப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. எஃப்ஏகேயைக் கண்டுபிடித்தது 1992-இல். 33 ஆண்டுகள். தனியாகக் கொடுத்தபோது அது பெரிதாகச் சாதிக்கவில்லை, துணையோடுதான் வென்றது.

இனி உங்கள் வாரத் திட்டம். திங்கட்கிழமை செல்களை விதையுங்கள். செவ்வாய் ஆறு அளவுகளும் டிஎம்எஸ்ஓவும், ஒரு மணி நேரம், பிளாட்டுக்கு. கூடவே இன்னொரு தட்டில் 300 நானோமோலாரை இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு, மூன்று முறை கழுவிப் புது மீடியா ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து அதையும் உடையுங்கள். இந்த மருந்து புரதத்தோடு நிரந்தரமாக ஒட்டுவதில்லை, ஆகவே கழுவியபின் 397-இன் பட்டை திரும்ப ஏற வேண்டும். புதன்கிழமை அந்த இரண்டு பிளாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள். பட்டை எங்கே மங்குகிறது என்று பார்த்துவிட்டு, கீறல் சோதனைக்கு எந்த மூன்று அளவுகளை வைத்துக்கொள்ளலாம் என்று சேர்ந்தே முடிவு செய்வோம்.